25 மின்வாயா, 256 மின்வாயா, காந்தமா: யாழ்ப்பாணத்துக்கு எது பொருந்தும்?

கனடாவில் இருக்கும் எங்கள் பழைய மாணவர்கள் சிலர் தைப்பொங்கலோடு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்கள். ஊரில் வலிப்பு நோயோடு அல்லாடுகிறவர்களுக்காகக் கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறார்கள். மூளையில் ஓடும் மின்சாரத்தைப் படமாகக் காட்டும் கருவி ஒன்று வாங்கித் தர விருப்பம். "எதை வாங்கிறது எண்டு நீங்களே சொல்லுங்கோ அண்ணை" என்று எழுதி, நான்கு விளம்பரத் தாள்களையும் இணைத்திருந்தார்கள். ஒன்றில் தலை முழுக்க வலை போட்ட ஒரு பிள்ளை, 256 மின்வாய் (மின்வாய் என்பது தலைத்தோலைத் தொட்டு மின்சாரத்தைப் பிடிக்கும் எலக்ட்ரோட்). இன்னொன்றில் தலைக்கவசம் போல ஒரு சாதனம்; அது மூளையின் காந்தப்புலத்தை அளப்பது. மூன்றாவது, கமராவோடு வரும் சாதாரண 32 சனல் ஈ.ஈ.ஜி, அதாவது தலைத்தோலில் மின்வாய் வைத்து மூளையின் மின் அலையைப் பதியும் கருவி. நான்காவது நெற்றியில் கட்டும் பட்டி.

ஈ.ஈ.ஜி எடுப்பதுதான் பதினான்கு வருடமாக என் வேலை. அவர்களுக்கு அனுப்பிய பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி நாளைக்கு மன்னாரிலும் மட்டக்களப்பிலும் வரும்.

முதலில், நாங்கள் எதைப் பார்க்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். ஒரு தனி நரம்புக் கலம் எழுப்பும் மின்னோட்டம் தலைக்கு வெளியே வராது. நல்லூர்த் தேரன்று ஒருவர் மட்டும் "அரோகரா" என்றால் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் கேட்கும். வடம் பிடித்த அத்தனை பேரும் ஒரே மூச்சில் சொன்னால் பருத்தித்துறை வீதி வரைக்கும் கேட்கும். மூளையும் அப்படித்தான். மூளைப் பட்டையில் ஒரே திசை பார்த்து நிற்கும் பல்லாயிரம் கூம்பகக் கலங்கள் ஒன்றாக இயங்கும்போதுதான் தலைத்தோலில் ஏதாவது தெரியும். வலிப்பின் கூர் அலை ஒன்று தெரிய ஏறத்தாழ 10 சதுர சென்ரிமீற்றர் பட்டை சேர்ந்து துடிக்க வேண்டும் என்று கணக்குச் சொல்கிறார்கள். அது தீப்பெட்டி முகத்தின் பாதிக்கும் மேல்.

அப்படித் தெரிவதும் மிகச் சிறியது. இதயத்தின் ஈ.சி.ஜி ஒரு மில்லிவோல்ற் அளவில் வரும். மூளையின் அலை 10 முதல் 100 மைக்ரோவோல்ற். சுவருக்குள் ஓடும் வயரில் 230 வோல்ற். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் இருத்தித்தான் நாங்கள் பதிவு எடுக்கிறோம். 1924இல் ஜேர்மனியின் ஜெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் முதன்முதலாக மனித மூளையின் அலையைப் பதிந்தார். அதை வெளியிட அவருக்கு 1929 வரை சென்றது. தான் பார்ப்பது மூளையா வெறும் குறுக்கீடா என்று அவருக்கே பல காலம் சந்தேகம். அந்தச் சந்தேகம் இன்றைக்கும் ஒவ்வொரு காலையும் எனக்கு இருக்கிறது.

இரண்டாவது சிக்கல் மண்டையோடு. எலும்பு மின்சாரத்தை இலேசில் விடாது. மூளை கடத்துவதை விடப் பல மடங்கு குறைவாகத்தான் கடத்தும். உள்ளே ஓர் இடத்தில் எழுந்த அலை வெளியே வரும்போது பரவி மங்கிவிடும். அந்த மங்கலைப் பார்த்து உள்ளே இடம் சொல்லும் கணக்குக்கு ஒரே ஒரு விடை கிடையாது என்று ஜேர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853இலேயே காட்டிவிட்டார். வெளியே ஒரே மாதிரித் தெரியும் கோலத்தை உள்ளே பல விதமான ஊற்றுகள் உண்டாக்கலாம். அதனால் எந்த முறையும் சில ஊகங்களை வைத்துத்தான் இடம் காட்டுகிறது. நாங்கள் செய்யக்கூடியது அந்த ஊகங்களுக்கு நல்ல தகவல் கொடுப்பது. நான்கு கருவிகளையும் அந்தக் கண்ணோடுதான் நிறுத்துப் பார்த்தேன்: எங்கள் நிலைமையில் எது நல்ல தகவல் தரும்?

காந்தக் கருவி

எம்.ஈ.ஜி எனப்படும் இந்த முறை என்னை எப்போதும் வியக்க வைப்பது. மின்னோட்டம் ஓடும் இடத்தில் காந்தப்புலமும் இருக்கும். அந்தப் புலம் எலும்பில் தடுமாறாமல் வெளியே வரும். மண்டையோட்டால் வரும் மங்கல் பெருமளவு இல்லை. டேவிட் கோஹன் 1968இல் அமெரிக்காவில் முதலில் அளந்தார். 1972இல் மீக்குளிர் உணரிகளோடு தெளிவாகப் பதிந்தார். ஆனால் அந்தப் புலத்தின் அளவு ஏறத்தாழ 100 ஃபெம்டோடெஸ்லா. எங்கள் பகுதியில் பூமியின் காந்தப்புலம் கிட்டத்தட்ட 40 மைக்ரோடெஸ்லா. நாற்பது கோடியில் ஒரு பங்கைத் தேடுகிறோம். அதற்கு நிக்கல் கலந்த உலோகத் தகடுகளால் அடைத்த அறை வேண்டும். வழமையான எம்.ஈ.ஜிக்குப் பூச்சியத்துக்குக் கீழே 269 பாகையில் இருக்கும் திரவ ஹீலியம் வேண்டும். விலை மில்லியன் டொலர் கணக்கு.

2018இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் ஆய்வாளர்கள் தலையில் அணிந்துகொண்டு அசையக்கூடிய புதுவகை எம்.ஈ.ஜியைக் காட்டினார்கள். அதில் ருபீடியம் ஆவியும் லேசர் ஒளியும் வேலை செய்கின்றன, ஹீலியம் தேவையில்லை. உணரிகள் தலைத்தோலோடு ஒட்டி இருப்பதால் சிறு பிள்ளைகளுக்கு மிகவும் உகந்தது. தாளில் இருந்த தலைக்கவசம் அதுதான். ஆனால் தடுப்பு அறை அதற்கும் வேண்டும். கரண்ட் நின்று ஜெனரேட்டர் போடும் வளவில், வீதியால் பஸ் போகும் இடத்தில், அந்த அறையைக் கட்டிப் பராமரிக்க இங்கே ஆள் இல்லை. இன்னொன்று: எம்.ஈ.ஜிக்கு மடிப்புகளின் சுவரில் எழும் ஓட்டம் நன்றாகத் தெரியும். மடிப்பின் உச்சியில் நிமிர்ந்து எழுவது சரியாகத் தெரியாது. ஈ.ஈ.ஜிக்கு இரண்டும் தெரியும். எனவே அதை வாங்கினாலும் ஈ.ஈ.ஜி வேண்டித்தான் இருக்கும். இப்போதைக்கு இது எங்களுக்கில்லை.

எஃப்.எம்.ஆர்.ஐ வாங்கலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். அது காட்டுவது இரத்த ஓட்டத்தை. மூளை இயங்கி ஐந்து, ஆறு விநாடிக்குப் பிறகுதான் அதன் உச்சம் வரும். வலிப்பின் கூர் அலை ஐந்தில் ஒரு விநாடிக்கு மேல் நிற்காது. பேச்சு, கை அசைவு எந்தப் பக்கம் என்று அறுவைக்கு முன் அறிய அது நல்லது. எங்கள் கேள்விக்கு அது பதில் அல்ல.

மண்டையைத் திறந்து மூளையின் மேலேயே மின்வாய் வைப்பதுதான் எல்லாவற்றிலும் தெளிவானது. அது அறுவைச் சிகிச்சை நிலையத்தின் வேலை. மற்ற எல்லாம் பார்த்து முடிந்த பிறகு, சிலருக்கு மட்டும்.

256 மின்வாய் வலை

மனம் இழுப்பது இதில்தான். விளம்பரத் தாள் ஓர் ஆய்வைக் காட்டுகிறது. அது பெறுமதியான ஆய்வுதான். ஜெனீவாக் குழு 2011இல், வலிப்பு தொடங்கும் இடம் என்று ஈ.ஈ.ஜி காட்டியதை, அறுவை செய்த 152 பேரின் முடிவுகளோடு ஒப்பிட்டது. 128 முதல் 256 மின்வாயோடு, அவரவர் சொந்த எம்.ஆர்.ஐயையும் வைத்துக் கணக்கிட்டால், வலிப்பு நின்றவர்களில் 84 வீதமானோருக்கு, படம் காட்டிய இடம் வெட்டி எடுத்த பகுதிக்குள்ளேயே இருந்தது. வலிப்பு நிற்காதவர்களில் 88 வீதமானோருக்கு அது வெட்டிய பகுதிக்கு வெளியே இருந்தது. 32க்குக் குறைந்த மின்வாயோடு, எல்லாருக்கும் பொதுவான ஒரு தலைமாதிரியை (கணினியில் கட்டிய தலை உருவை) வைத்துப் பார்த்தால் இவை 57, 59 என்று இறங்கின.

இந்த இடத்தில் விளம்பரம் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அங்கே இறங்கியது மின்வாய் எண்ணிக்கை மட்டும் அல்ல. நோயாளியின் சொந்த எம்.ஆர்.ஐயும் கூடவே போயிற்று. இரண்டும் சேர்ந்து கெட்டதை ஒன்றின் தலையில் போட முடியாது. மின்வாயைக் கூட்டிப் பார்த்த ஆய்வுகளும், முப்பதளவில் இருந்து அறுபதளவுக்குப் போகும்போது நன்மை அதிகம், அதற்கு மேலே குறைந்துகொண்டே போகும் என்றுதான் சொல்கின்றன. சாதாரண வைப்பில் இரு மின்வாய்களுக்கு இடையே ஆறு, ஏழு சென்ரிமீற்றர். 64 வைத்தால் நான்கு அளவு. 256 வைத்தால் இரண்டு. மண்டையோடே மங்கலாக்கி அனுப்பும் படத்தை எவ்வளவு நெருக்கமாகத் தொட்டாலும் ஓர் எல்லை இருக்கிறது.

நடைமுறைச் சிக்கல் இதை விடப் பெரியது. அந்த வலை உப்புக் கரைசலில் ஊறிய பஞ்சுகளால் தோலைத் தொடுகிறது. போடுவது சுகம்; பத்து, பதினைந்து நிமிடத்தில் முடியும். ஆனால் பஞ்சு காயத் தொடங்கினால் பதிவு கெடும். ஒரு மணித்தியாலப் பதிவுக்கு அருமையான சாதனம். இரவு முழுக்கப் பதிய வேண்டுமென்றால் உதவாது. எங்கள் பெண் பிள்ளைகளின் அடர்ந்த பின்னலுக்குள் பஞ்சு தோலைத் தொடுகிறதா என்பதும் ஒவ்வொரு முறையும் போராட்டம்தான். 256 புள்ளியில் 60 தொடாமல் இருந்தால் கையில் இருப்பது விலை கூடின 196.

25 முதல் 32: கீழ் வரிசையின் கதை

சென்ற வருடம் நெடுந்தீவில் இருந்து ஒரு தாய் பதினேழு வயது மகளோடு வந்தார். முதல் படகில் குறிகாட்டுவான் வந்து, அங்கிருந்து பஸ். பிள்ளைக்கு ஒன்றரை வருடமாகத் திடீர் திடீரென்று வெறித்த பார்வை, வாய் மெல்லுகிற அசைவு. பிறகு கொஞ்ச நேரம் ஆளை அடையாளம் தெரியாது. முன்னர் வேறோர் இடத்தில் எடுத்த இரண்டு ஈ.ஈ.ஜியும் "சாதாரணம்" என்று வந்திருந்தன.

"பிள்ளை தலை முழுகினதோ?"

"முழுகித்தான் வந்தது தம்பி. கடற்காத்துக்கு மயிர் பறக்குது எண்டு வெளிக்கிடேக்க நான்தான் கொஞ்சம் நல்லெண்ணெய் தேச்சு விட்டனான்."

எண்ணெய்ப் படலத்துக்கு மேலே மின்வாய் வைப்பது பொலித்தீன் உறைக்கு மேலே வைப்பது மாதிரி. பின்னால் இருக்கும் பேசினில் இரண்டு தரம் ஷாம்பூ போட்டுக் கழுவி, துவாயால் துடைத்து முடிக்க முக்கால் மணித்தியாலம் போயிற்று. பிறகு நாடா பிடித்து, மூக்குப் பள்ளத்தில் இருந்து பிடரி மேடு வரைக்கும் அளந்தேன்: 34 சென்ரிமீற்றர். அதில் பத்து வீதம், இருபது வீதம் என்று பிரித்துச் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்தேன். நரம்பியலாளர் ஜாஸ்பர் 1958இல் வகுத்த 10-20 முறை இது; இன்றைக்கும் இதுதான் எங்களுக்கு அத்திவாரம். ஒவ்வொரு புள்ளியிலும் மயிரை வகிடு பிரித்து, மணல் பசையால் மெல்லத் தேய்த்து, பேஸ்ற் வைத்து ஒட்டினேன். காதுக்கு மேலே இருந்த ஒன்று முதலில் 38 கிலோ ஓம் மின்தடை காட்டியது. திரும்பத் தேய்த்தேன், 4க்கு வந்தது. ஐந்துக்குக் கீழே கொண்டுவருவது எங்கள் பழக்கம்.

அன்றைக்கு வழமையான வைப்போடு நிற்காமல், கன்னப்பொட்டின் கீழே காதை ஒட்டி இரண்டு பக்கமும் ஒரு வரிசை கூட வைத்தேன். அனைத்துலக மருத்துவ நரம்பு உடலியங்கியல் கூட்டமைப்பு 2017இல் பரிந்துரைத்த 25 மின்வாய் வைப்பில் இருப்பது இந்தக் கீழ் வரிசைதான். வளர்ந்தவர்களின் இடஞ்சார்ந்த வலிப்பில் (மூளையின் ஓர் இடத்தில் தொடங்குவது) அதிகம் காணப்படுவது, கன்னப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் மடலில் எழும் பொட்டுமடல் வலிப்பு. அந்த மடலின் அடிப்பகுதி ஏறத்தாழக் காதுத் துவாரத்தின் மட்டத்தில் கிடக்கிறது. பழைய 10-20 வைப்பு அதற்கு மேலால் போய்விடும். வேலியின் மேற்பக்கமாக எட்டிப் பார்த்துவிட்டு, அடியில் நுழைந்த ஆட்டுக்குட்டியைக் காணவில்லை என்று சொல்வது போன்றது அது.

முந்தின இரவு நான்கு மணித்தியாலம் மட்டும் நித்திரை கொள்ள விடச் சொல்லியிருந்தேன். முதல் இருபது நிமிடம் ஒன்றுமில்லை. கண் சொருகத் தொடங்கியதும் மேல் வரிசையில் ஒரு சின்ன நெளிவு. அதே கணத்தில் இடது கீழ் வரிசையில் ஊசி மாதிரி எழும்பியது. ஒரு நிமிடத்துக்குப் பிறகு இன்னொன்று. மேல் வரிசையை மட்டும் பார்த்திருந்தால் அந்த நெளிவை நானும் கடந்து போயிருப்பேன். இதற்கு முந்திய வருடங்களில் எத்தனை பேரை அப்படிக் கடந்து போனேன் என்ற நினைப்பு அன்று இரவு நித்திரை தரவில்லை.

முதல் தரம் எடுக்கும் ஈ.ஈ.ஜியில் வலிப்பு நோயாளர் பாதிப் பேருக்கு ஒன்றும் தெரியாது. திரும்ப எடுத்தால், நித்திரையோடு எடுத்தால், நேரம் நீட்டினால் அந்தத் தொகை ஏறும். அலை வராத நேரத்தில் 256 மின்வாயும் வெறுமையைத்தான் 256 தரம் பதியும்.

அந்தப் பிள்ளையின் எம்.ஆர்.ஐயைப் பார்த்தபோது இன்னொரு பாடம் கிடைத்தது. ஐந்து மில்லிமீற்றர் தடிப்பில் துண்டு துண்டாக எடுத்திருந்தார்கள். காதும் தாடையும் படத்தில் இல்லை. ஒரு டொக்டர் கண்ணால் பார்க்க அது போதும். தலைமாதிரி கட்டப் போதாது. மண்டையோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, தோல் எங்கே என்று தெரிந்தால்தான் மின்னோட்டம் எப்படிப் பரவியது என்று கணக்கிடலாம். இதற்குப் புதுக் கருவி தேவையில்லை. எம்.ஆர்.ஐ வேண்டுகோள் படிவத்தில் ஒரு வரி கூட எழுதினால் போதும்: முப்பரிமாண டி1 (எம்.ஆர்.ஐ படத்தில் ஒரு வகை), ஒரு மில்லிமீற்றர், மூக்கும் இரண்டு காதும் தாடையும் சேர்த்து. ஸ்கானரில் சில நிமிடம்தான் கூடும். மூளைப் படத்தைத் திருத்த நான் அறிந்த வழிகளில் காசு மிகக் குறைந்தது இதுதான். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது; இன்னும் பலர் எழுதுவதில்லை.

அதோடு மின்வாய் உண்மையில் எங்கே இருந்தது என்பதும் வேண்டும். விலை கூடிய அளவைப் பேனாக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மின்வாயிலும் நிறப் பொட்டு ஒட்டி, தலையைச் சுற்றி வந்து கைத்தொலைபேசியால் படங்கள் எடுத்து, அவற்றில் இருந்து முப்பரிமாண உருவம் செய்தும் இடம் குறிக்கலாம். கணக்கிடும் மென்பொருளுக்கும் காசு இல்லை: பிரெய்ன்ஸ்டோர்ம், எம்.என்.ஈ பைத்தன் இரண்டும் இலவசம். அவற்றுக்கு வேண்டியது உட்கார்ந்து படிக்க ஆள்.

வெயிலும் நிலமும்

விளம்பரத் தாள்கள் எதிலும் வியர்வை பற்றி ஒரு சொல் இல்லை. சித்திரை வெயிலில், மின்விசிறிக்குக் கீழே, தலை வியர்த்தால் கோடுகள் எல்லாம் கடல் அலை மாதிரி மெல்ல மெல்ல ஏறி இறங்கும். மூளையின் மெதுவான அலையும் அதே வேகத்தில் வரலாம் என்பதால் வடிகட்டி எடுப்பதும் ஆபத்து. நல்ல ஏசி ஒன்று பூட்டினால், மின்வாய் இரட்டிப்பதை விடப் பதிவு திருந்தும்.

மின்சாரசபையின் 50 ஹேட்ஸ் இரைச்சலும் அப்படித்தான். திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் அது மறையும். சாம்பிராணி போட்டு மணத்தை மறைக்கிற வேலை அது. மின்வாய் ஒன்று சரியாக ஒட்டவில்லை, அல்லது நிலத்தொடுப்புச் சரியில்லை என்று அந்த இரைச்சல் சொல்லிக்கொண்டு இருந்தது. குடாநாட்டின் அடியில் சுண்ணக்கல். மேலே மண் மெல்லியது. ஆவணி, புரட்டாதியில் நிலம் காய்ந்தால் நிலத்தொடுப்புக் கம்பி பேருக்குத்தான் இருக்கும். கம்பியை ஆழ இறக்கி அந்தக் குழியை ஈரமாக வைத்திருப்பதும், பற்றரியில் ஓடும் அம்பிளிஃபயர் எடுப்பதும் இரண்டு வழி. இரண்டையும் செய்யச் சொல்வேன்.

நெற்றிப் பட்டியைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. நித்திரையின் கட்டங்களைப் பார்க்க அது உதவலாம். காதோரம் ஒளிந்திருக்கும் வலிப்பை நெற்றியில் இருந்து தேட முடியாது.

முடிவு எப்படி விழுந்தது

அவர்களுக்கு நான் எழுதியது: கமராவோடு கூடிய 32 சனல் ஈ.ஈ.ஜி, கீழ் வரிசைக்கு மேலதிக வயர்கள், இரவு முழுக்கப் பதியக்கூடிய ஒரு கட்டில் அறை, ஏசி, யூ.பி.எஸ், நிலத்தொடுப்பு. மிச்சப் பணத்தில் இரண்டு பிள்ளைகளை ஈ.ஈ.ஜி எடுக்கவும் கணக்கிடவும் பழக்குவது. நான் ஓய்வு பெறப் பத்து வருடம்கூட இல்லை.

எல்லாருக்கும் இதே முடிவு என்று சொல்லமாட்டேன். வலிப்புக்கு அறுவை செய்யும் நிலையம் என்றால் 64இல் தொடங்கி 128க்குப் போவது நியாயம். அங்கே ஒரு சென்ரிமீற்றர் பிழைத்தால் பிள்ளையின் பேச்சுப் போகலாம். பல்கலைக்கழக ஆய்வுகூடம் என்றால் 64 மின்வாய்த் தொப்பி நல்லது. சுகமாய் இருக்கும் மாணவர்கள் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போவார்கள். நித்திரையும் வலிப்பும் அங்கே தேவையில்லை. தமிழ் எழுத்தை மூளை எப்படிப் படிக்கிறது என்பதை யாழ்ப்பாணத்தில் வைத்தே ஆராய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எங்கள் கொம்பும் காலும் சில இடங்களில் மெய்யைச் சுற்றி இரண்டு பக்கமும் நிற்கின்றன. கண் எதை முதலில் எடுக்கிறது என்பதை ஆயிரத்தில் ஒரு விநாடி நுணுக்கத்தோடு பார்க்க ஈ.ஈ.ஜி போல் வசதியான வழி இல்லை.

பதிலைப் படித்துவிட்டு ஒரு தம்பி தொலைபேசி எடுத்தார். "அண்ணை, 256 எண்டு சொன்னால் சனம் காசு தரும். 32 எண்டால் பழசு எண்டு நினைக்குங்கள்." அவருடைய கவலையும் நியாயமானது, காசு சேர்ப்பது அவர். நான் அந்த நெடுந்தீவுப் பிள்ளையின் பதிவில் பத்து விநாடியை, பெயர் இல்லாமல், தாயிடம் கேட்டு அனுமதி எடுத்து, இரண்டு படமாக அனுப்பினேன். ஒன்றில் மேல் வரிசை மட்டும். மற்றதில் கீழ் வரிசையும் சேர்ந்தது. கூட்டத்தில் அதையே காட்டப்போவதாகச் சொன்னார்.

பொருட்களின் பட்டியலை ஒழுங்கு வரிசையில் கேட்டிருந்தார்கள், நேற்று அனுப்பினேன். முதலாவதாக எழுதியது: தலை கழுவும் பேசின் ஒன்று, கழுத்துச் சாய்க்கக்கூடிய கதிரையோடு, சுடுதண்ணிக் குழாய், ஷாம்பூ, மாதம் நான்கு போத்தல்.